உயரம் குறையல்ல: தர்ஜினி சிவலிங்கமும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும்

திருகோணமலையில் ஆண்பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. அஸர் தொழுகை முடிந்தால் போதும். கடற்கரையிலும் தெருமுனையிலும் பாடசாலை மைதானத்திலும் பந்து உருளத் தொடங்கிவிடும். மக்கெய்சர் விளையாட்டரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ உதைபந்தாட்டப் போட்டி என்றால் வாப்பாவும் மகனும் சேர்ந்தே புறப்படுவார்கள். அந்த நேரத்தில் மகள் எங்கே? பெரும்பாலும் டியூஷன் வகுப்பில், இல்லாவிட்டால் உம்மாவுடன் குசினியில். அவளும் ஆறாம் ஏழாம் வகுப்புவரை ஓடியவள்தான், பந்து பிடித்தவள்தான். அதன் பிறகு எப்போது நிறுத்தினாள் என்று கேட்டால் நம்மில் பலருக்கு நினைவு இருக்காது. அது ஒரு முடிவாக எடுக்கப்படுவதே இல்லை. மெல்ல மெல்ல நின்றுபோகிறது.

இந்த மாதம் நாம் பார்க்கப்போவது, அப்படி நின்றுபோகாத ஒரு பெண்ணின் கதையை. அவர் நம் ஊரவர் அல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண். ஆனால் அவர் தாண்டி வந்த தடைகளில் பாதி, சகோதரிகளே, நம் வீட்டு வாசலிலும் கிடப்பவைதான்.

துறைமுகமும் றக்பியும்

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். திருகோணமலைத் துறைமுகம் 1957ஆம் ஆண்டுவரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. வெள்ளைக்காரன் போனான், அவன் ஆடிய ஆட்டங்கள் போகவில்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடும் றக்பியும் அவற்றில் ஒன்று. இலங்கைக்கு றக்பி வந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கண்டியிலும் கொழும்பிலும் அது பாடசாலைகளின் கௌரவப் பிரச்சினை. கண்டிக் கழகத்துக்கு ஆடிப் புகழ்பெற்ற பாசில் மரிஜா இலங்கை அணிக்கே தலைவராக இருந்தபோது, முஸ்லிம் வீடுகளில் எத்தனை பேர் பெருமைப்பட்டோம்!

அதே றக்பியைப் பெண்களும் ஆடுகிறார்கள் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். பெண்களுக்கான முதலாவது றக்பி உலகக் கிண்ணம் 1991இல் வேல்ஸ் நாட்டில் நடந்தது. 2016இல் ஒரு அணிக்கு எழுவர் ஆடும் றக்பி ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது ஆண்களோடு பெண்களுக்கும் இடம் கிடைத்தது. 2025 செப்டம்பரில் இலண்டனில் நடந்த பெண்கள் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்து கனடாவை வென்றது. அதைப் பார்க்க எண்பத்தோராயிரத்துக்கும் அதிகமானோர் அரங்கில் திரண்டிருந்தார்கள். இலங்கைப் பெண்கள் அணியும் பின்தங்கி நிற்கவில்லை. 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் நியூசிலாந்து, கனடா, இங்கிலாந்து ஆகிய பெரிய அணிகளுக்கு எதிராகக் களம் இறங்கியது. தோற்றார்கள், ஆனாலும் அந்த மேடைவரை போய் நின்றார்கள்.

ஆயினும் நம் நாட்டில் பெண்கள் றக்பிக்கு ஒரு குறை உண்டு. அதை வளர்த்தவை பெரும்பாலும் விமானப்படை, தரைப்படை, கடற்படை, பொலிஸ் அணிகளே. படைத்துறைச் சீருடை அணியாத பெண்ணுக்கு அதில் வாசல் குறுகியது. கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் ஒரு மாணவி நாளைக்கே றக்பி ஆடவேண்டும் என்று ஆசைப்பட்டால் அவளுக்கு அருகில் அணி இல்லை. ஆனால் இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அது நம் பெண்கள் பாடசாலைகளின் முற்றத்திலேயே இருக்கிறது. அதுதான் வலைப்பந்தாட்டம்.

நம் மண்ணில் விதி எழுதிய ஆட்டம்

வலைப்பந்தாட்டத்தை நாம் சின்னப் பிள்ளைகளின் பாடசாலை விளையாட்டாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அதன் வரலாறு அவ்வளவு சின்னதல்ல. 1891இல் அமெரிக்காவில் பிறந்த கூடைப்பந்தாட்டத்தைப் பெண்களுக்கு ஏற்றவாறு மாற்றி இங்கிலாந்தில் ஆடத் தொடங்கினார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறாக இருந்தது. ஓரிடத்தில் ஐந்து பேர், இன்னோரிடத்தில் ஏழு பேர், வேறோரிடத்தில் ஒன்பது பேர். இதை ஒழுங்குபடுத்த 1960ஆம் ஆண்டு பல நாட்டுப் பிரதிநிதிகள் ஒன்றுகூடினார்கள். எங்கே தெரியுமா? நம் இலங்கையில்தான். இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஏழுபேர் ஆட்டத்தின் பொது விதிகளுக்கு அந்தக் கூட்டத்தில்தான் வழி பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1963இல், இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தது. பங்குபற்றிய பதினொரு அணிகளில் இலங்கையும் ஒன்று.

ஆட்டம் எளிது. ஓர் அணியில் எழுவர். ஒவ்வொருவரின் மார்பிலும் முதுகிலும் அவரவர் இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது. பந்தோடு ஓடவும் கூடாது. எதிரணிக்காரி பந்து வைத்திருப்பவரிடமிருந்து சுமார் மூன்றடி தள்ளி நின்றுதான் தடுக்கலாம், உடலை இடிக்க முடியாது. நிலத்திலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் வளையம். பின்னால் பலகை கிடையாது. ஆகவே கை நேராக இருந்தால்தான் பந்து உள்ளே போகும். அந்த வளையத்துக்குள் பந்து எறியும் உரிமை எழுவரில் இருவருக்கு மட்டுமே உண்டு. அந்த இருவரில் ஒருவராகத்தான் தர்ஜினி சிவலிங்கம் உலகப் புகழ் பெற்றார்.

கேலிக்குள்ளான உயரம்

தர்ஜினி 1979இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் புன்னாலைக்கட்டுவன் பக்கத்து ஈவினை அவருடைய கிராமம். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எந்தச் சூழ்நிலையில் படித்தார்கள் என்பதைக் கிழக்கில் இருக்கும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. குண்டுச் சத்தம், இடப்பெயர்வு, மின்சாரமில்லாத இரவுகள். 1995இல் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக வீடுவாசலை விட்டு நடந்தபோது தர்ஜினியின் வயதுப் பிள்ளைகளுக்குப் பதினாறு. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1990இல், வடக்கு முஸ்லிம்களும் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் யார் வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

தர்ஜினிக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அது அவருடைய உயரம். வளர்ந்து முடிந்தபோது 208 சென்ரிமீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம். நம் ஊர்களில் ஆறடி ஆண்பிள்ளையையே நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு பெண்பிள்ளை அவ்வளவு உயரமாக இருந்தால் ஊர்வாய் சும்மா இருக்குமா? சிறுவயதில் தம் உயரத்துக்காகக் கேலிக்கு ஆளானதை அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் நின்று யோசிப்போம். நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. "இவள் இப்படி வளர்ந்தால் மாப்பிள்ளை எங்கே தேடுவது?" "இவள் கறுத்துப்போகிறாள், வெயிலில் விடாதே." "இவள் நடையே ஆம்பிளை மாதிரி." சொல்பவர் மறந்துவிடுவார். கேட்ட பிள்ளை மறக்காது. அல்லாஹ் படைத்த உருவத்தைக் குறையாகச் சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளின் முதுகைக் கூனவைத்திருக்கிறோம்! தர்ஜினியின் உயரம் குறையாகக் கருதப்பட்டது. அதே உயரம், மூன்று மீற்றர் வளையத்தின் கீழ் போய் நின்றபோது, ஒரு நாட்டின் பலமாக மாறியது.

ஆனால் உயரம் மட்டும் போதாது. உயரமானவர் நின்றால் பந்து தானாக வளையத்தில் விழாது. எதிரணியில் இருவர் அவரைச் சூழ்ந்து நிற்பார்கள். மேலே வரும் பந்தை எட்டிப் பிடிக்கவேண்டும், கால் நகராமல் சமநிலை காக்கவேண்டும், மூன்று வினாடிக்குள் எறியவேண்டும். இதை ஒரு போட்டியில் ஐம்பது, அறுபது தடவை பிசகாமல் செய்யவேண்டும். அதற்குத் தேவை பயிற்சி. நாள்தோறும், ஆண்டுக்கணக்காக, ஒரே எறிதலை மீண்டும் மீண்டும் எறியும் பொறுமை.

கிண்ணங்கள் வந்த கதை

2009இல் மலேசியாவில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்டப் போட்டியில் இலங்கை சம்பியனானது. அந்த வெற்றியில் தர்ஜினியின் கைக்குப் பெரும்பங்கு உண்டு. போர் முடிந்த அதே ஆண்டு அது. சிங்களப் பெண்களும் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரே சீருடையில் ஒரே கிண்ணத்தைத் தூக்கிய காட்சி, அரசியல் மேடைகளில் கேட்ட எத்தனையோ பேச்சுக்களைவிட அழுத்தமானது. 2011இல் சிங்கப்பூரில் உலகப் போட்டியிலும் அவர் ஆடினார். பின்னர் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் அணிக்கு ஆடும் வாய்ப்பு வந்தது. வலைப்பந்தாட்டத்தில் உலகின் முதன்மை நாடு அவுஸ்திரேலியா. அங்கே போய் ஆடுவது நம் கிரிக்கெட் வீரர் இங்கிலாந்துக் கழகத்துக்கு ஆடுவதைப் போன்றது.

2009க்குப் பிறகு ஆசியக் கிண்ணம் ஒன்பது ஆண்டுகள் இலங்கைக்கு வரவில்லை. 2018 செப்டம்பரில், சிங்கப்பூரில், இலங்கை இறுதிப் போட்டியில் அந்த நாட்டையே 69–50 என்ற கணக்கில் வென்றது. அப்போது தர்ஜினிக்கு வயது முப்பத்தொன்பது. அந்த அணியில் எழிலேந்தினி சேதுகாவலர் என்ற இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். ஒருத்தி போன பாதையில் இன்னொருத்தி வருவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மறு ஆண்டு, 2019 ஜூலையில், லிவர்பூலில் உலகக் கிண்ணம். பதினாறு அணிகளில் இலங்கை பதினைந்தாவது இடத்தையே பெற்றது. ஆனால் அந்தப் பதினைந்தாவது அணியின் நாற்பது வயதுப் பெண் 348 கோல்களைப் போட்டார். எறிந்த ஒவ்வொரு பத்துப் பந்திலும் ஒன்பதுக்கு மேல் வளையத்துக்குள் விழுந்தன. உலகப் பத்திரிகைகள் தர்ஜினியைத் தேடி வந்தன. வெல்லும் அணியில் இருப்பவர் மட்டுமே பேசப்படுவார் என்பது எப்போதும் உண்மையல்ல.

2022 செப்டம்பர் 11ஆம் திகதியை நம்மில் பலர் கிரிக்கெட்டுக்காக நினைவில் வைத்திருப்போம். பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்று களைத்த நாட்டுக்கு, துபாயில் நம் ஆண்கள் அணி ஆசியக் கிண்ணத்தை வென்று கொஞ்சம் சிரிப்பைக் கொண்டுவந்த நாள் அது. அதே நாளில்தான் சிங்கப்பூரில் நம் பெண்கள் வலைப்பந்தாட்ட அணியும் 63–53 என்று வென்று ஆறாவது தடவையாக ஆசியச் சம்பியனானது. தர்ஜினி அந்த அணியிலும் இருந்தார். வயது நாற்பத்து மூன்று! நம் வீடுகளில் நாற்பத்து மூன்று வயதுப் பெண் படி ஏறும்போது முழங்காலைப் பிடிக்கிறாள். "இனி என்ன, வயது போய்விட்டது" என்கிறாள்.

நம் பிள்ளைகள் ஏன் நிறுத்துகிறார்கள்?

பாடசாலை மட்டப் போட்டி, கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், பிறகு அகில இலங்கை. இதுதான் படிக்கட்டு. கீழ்ப்படியில் நம் முஸ்லிம் மாணவிகள் நிறையப் பேர் நிற்கிறார்கள். மேலே போகப்போக எண்ணிக்கை கரைந்துவிடுகிறது. காரணங்களை மறைக்கத் தேவையில்லை. பிள்ளை பெரியவளானதும் உடை பற்றிய கவலை. ஆண்கள் பார்க்கும் திறந்த மைதானம். அயலூருக்குப் பயணம், இருட்டியபின் திரும்பி வருவது. க.பொ.த. சாதாரண தரம் நெருங்கினால் "படிப்புக் கெட்டுப்போகும்" என்ற பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, "நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

இவற்றில் சில நியாயமான கவலைகள். தாய் தகப்பன் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் கவலைக்குத் தீர்வு தேடுவது ஒன்று. கதவைச் சாத்திவிடுவது வேறு.

உடையை எடுத்துக்கொள்வோம். வலைப்பந்தாட்டம் என்றாலே குட்டைப் பாவாடை என்ற எண்ணம் பழையது. மாலைத்தீவு, புருணை அணிகளின் பெண்கள் ஆசியப் போட்டிகளில் தலையை மறைத்து, கைகால் மூடிய உடையோடு ஆடியிருக்கிறார்கள். மற்ற ஆட்டங்களிலும் கதவு திறந்துவிட்டது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும், உலகக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் தலைமறைப்பை அனுமதித்தன. அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹிஜாபுடன் வாள்வீச்சு ஆடி அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா 2023 பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஹிஜாபுடன் ஆடினார். அந்த உலகக் கிண்ணத்தில் அப்படி ஆடிய முதற் பெண் அவரே.

றக்பியிலும் ஒருவர் இருக்கிறார். இலண்டனில் வாழும் ஸைனப் அலேமா, கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளைப் பராமரிக்கும் தாதி. பிள்ளைகளின் தாய். தலைமறைப்போடும் கால் மூடிய உடையோடும் றக்பி ஆடுகிறார். தம்மைப் போன்ற முஸ்லிம் பெண்களை இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவர ஒரு அமைப்பையும் தொடங்கினார். தாதி வேலை, வீடு, பிள்ளை, தொழுகை, றக்பி எல்லாம் ஒரே பெண்ணின் நாளுக்குள் அடங்குகின்றன.

விளையாட்டே பெண்ணுக்குப் பொருந்தாதது என்று சொல்வோருக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததையும், ஒருமுறை அன்னை அவர்கள் வென்றதையும் ஹதீஸ் நூல்களில் படித்திருக்கிறோம். எல்லை பேணவேண்டும் என்பது சரி. எல்லைக்குள் ஓடக்கூடாது என்று யார் சொன்னது?

உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு

மகள் நாட்டுக்கு ஆடவேண்டும் என்றில்லை. ஆயிரம் பேரில் ஒருத்திதான் அவ்வளவு தூரம் போவாள். மற்ற 999 பேருக்கும் விளையாட்டு வேறொன்றைத் தருகிறது. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயதுவரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் உடலை நன்றாக இயக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எலும்பு பலமாவது பெரும்பாலும் இளமையில்தான். குதித்து ஓடும் ஆட்டங்கள் அதற்கு உதவுகின்றன. பதினான்கு வயதில் சேமித்த பலத்தைத்தான் ஐம்பது வயதில் செலவழிக்கிறோம். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் உம்மம்மாவிலிருந்து உம்மாவுக்கு, உம்மாவிலிருந்து மகளுக்கு வந்துகொண்டிருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல.

உடம்பைவிடப் பெரியது மனம். ஏழுபேர் ஆடும் ஆட்டத்தில் ஒருத்தி தனியாக வெல்ல முடியாது. பந்தைக் கொடுக்கப் பழகவேண்டும், தோற்றபின் எதிரணிக்குக் கைகொடுக்கப் பழகவேண்டும். நடுவர் பிழையாகச் சொன்னாலும் வாய்திறக்காமல் அடுத்த பந்துக்கு ஓடப் பழகவேண்டும். நாளைக்குப் புகுந்த வீட்டிலும் வேலைத்தலத்திலும் இவை தேவைப்படாதா?

வீட்டில் செய்யக்கூடியவை

உம்மாமார் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையோடு ஒருமுறை பேசிப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, இறுகிய தலைமறைப்பு ஆகியவற்றோடு ஆட அனுமதி கேளுங்கள். தனியே கேட்டால் தயங்குவார்கள். பத்து உம்மாமார் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள். பயிற்சியைப் பாடசாலை மதிலுக்குள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வைக்கச் சொல்லலாம். வெளியூர்ப் போட்டி என்றால் இரண்டு உம்மாமார் முறைவைத்துக் கூடப் போகலாம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் பாதைப் படகுக்குக் காத்திருந்து திருகோணமலைக்கு வந்த காலம் நமக்குத் தெரியும். இப்போது பாலம் இருக்கிறது, வாகனம் இருக்கிறது. இல்லாதது நம் சம்மதம் மட்டும்தான்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. மகனின் உதைபந்தாட்டத்துக்குப் போவதைப் போல, வருடத்தில் ஒரு நாளாவது மகளின் விளையாட்டுப் போட்டிக்கும் போய் உட்காருங்கள். வாப்பா வந்து பார்த்தார் என்றால் ஊரின் நாலு பேர் வாயும் தானாக அடங்கிவிடும்.

படிப்புக் கெடும் என்ற பயத்துக்கும் வழி உண்டு. பரீட்சைக்கு முந்திய சில மாதங்கள் பயிற்சியைக் குறைக்கலாம், பரீட்சை முடிந்ததும் மீண்டும் தொடங்கலாம். நிறுத்தி வைப்பது வேறு, அறவே விட்டுவிடுவது வேறு. தர்ஜினியும் இடையில் தேசிய அணியில் இல்லாத காலங்களைக் கண்டவர்தான். திரும்பி வந்தபோது பந்து அவரை மறந்துவிடவில்லை.

உங்கள் மகள் உயரமாக இருக்கலாம், குள்ளமாக இருக்கலாம், கறுப்பாக, பருமனாக, வேகமாக, மெதுவாக இருக்கலாம். எந்த உடம்புக்கும் ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு. வளையத்தின் கீழ் நிற்க உயரமானவள் வேண்டும், நடுக்களத்தில் ஓடி முடிக்கச் சின்ன உடம்புக்காரி வேண்டும், தடுத்து நிற்க உறுதியானவள் வேண்டும். அவளுக்கு எது பொருந்தும் என்பது ஆடிப் பார்த்தால்தான் தெரியும். இந்தத் தவணை பாடசாலை விளையாட்டு அணிக்குப் பெயர் கேட்டு வரும் படிவத்தை ஒதுக்கி வைத்துவிடாமல், மகளைக் கூப்பிட்டு, "உனக்கு விருப்பமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை அவள் சொல்லட்டும்.